தண்ணீர் காய்வதற்குள்

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை ரப்ஹா அக்கா சத்தமாக வாசித்தாள். சங்கத்தின் முன்னறையில் கம்பளி நூல் பந்துகளுக்கு நடுவே இருபத்திரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தோம். ரப்ஹா அக்காதான் எங்கள் நெசவுச் சங்கத்தின் தலைவி. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு வரியையும் முதலில் பிரெஞ்சில் முணுமுணுத்துப் பிறகு எங்கள் பாஷையில் சொன்னாள்.

யம்னா நெய்த கம்பளங்கள் மட்டும் வெளிச்சத்தை வேறு பக்கமிருந்து வாங்குகின்றன என்று எழுதியிருந்தார்கள். மற்றக் கம்பளங்கள் மங்கித் தெரியும் மூலையில் அவை பளிச்சென்று இருக்கின்றனவாம். ஒரு புதிய வாசிப்பு அறைக்கு எட்டுக் கம்பளங்கள் வேண்டும், எட்டும் யம்னாவின் கையால் வேண்டும். கம்பெனியிலிருந்து நவால் என்ற பெண் வியாழக்கிழமை வருகிறாள். யம்னா வேலை செய்வதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வாள்.

அறையில் குலவைச் சத்தம் எழுந்தது. பக்கத்தில் இருந்தவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஏய் யம்னா, இனிமே நீ வெங்காயம்கூட நறுக்காதே. உன் கைக்கு இன்ஷூரன்ஸ் போடணும்டீ."

"கையை மட்டும் தனியா ஃப்ரேம் போட்டு மாட்டிடலாம். ஆளு எதுக்கு?"

நானும் சிரித்தேன். என் வலது கை மடியில், இடது கைக்கு அடியில் இருந்தது. அந்தக் கை பதினான்கு மாதங்களாக ஒரு முடிச்சும் போடவில்லை.

முதலில் கட்டைவிரல் மரத்துப்போனது. பிறகு அடுத்த இரண்டு விரல்கள். நூலைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். டவுனில் டாக்டர் என் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து நரம்பு என்றார், ஓய்வு என்றார். தறியில் அப்போது பாதிக் கம்பளம் நின்றுகொண்டிருந்தது. என் கணவர் ஹம்மு ஸ்பெயினில் தக்காளிப் பண்ணையில் இருந்தார். அவரிடம் போனில் கை கொஞ்சம் வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பாதிக் கம்பளத்தை முடித்தவள் என் கொழுந்தன் பாஸுவின் மனைவி இஸ்ஸா. அதற்குப் பிறகு ஏழு கம்பளங்களையும் அவள்தான் நெய்தாள், என் வீட்டில், என் தறியில், மத்தியான வேளைகளில், கதவைச் சாத்திக்கொண்டு.

ஒவ்வொரு கம்பளத்தின் அடியிலும் ஒரு துணிப்பட்டை தைக்கப்படும். அதில் நெய்தவளின் பெயரும் சின்னதாக ஒரு படமும் இருக்கும். எந்தக் கை நெய்ததோ அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது கம்பெனி போட்ட முதல் நிபந்தனை. சங்கம் ஆரம்பித்தபோது எல்லாரும் அதற்குக் கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்திருக்கிறோம். மலைக்கு அந்தப்புறம் ஒரு சங்கத்தில், படத்துக்கு எடுப்பாக இருந்த ஒரே ஒரு பெண்ணின் முகத்தை எல்லாருடைய கம்பளத்திலும் தைத்து அனுப்பினார்கள். தெரிந்ததும் அவர்களிடம் வாங்குவது நின்றது. அந்தப் பெண்கள் இப்போது மறுபடியும் செவ்வாய்ச் சந்தையில் நிற்கிறார்கள். அங்கே வியாபாரி கம்பளத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சுமந்து வந்தவளின் முகத்தைப் பார்க்கிறான். எவ்வளவு அவசரம் இவளுக்கு என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறான். நாங்கள் எல்லாரும் அந்தச் சந்தையில் நின்றவர்கள்தான்.

அப்படியானால் இஸ்ஸாவையே சங்கத்தில் சேர்த்திருக்கலாமே என்றால், பாஸு விடவில்லை. எங்கள் மாமியாரின் பெயரும் இஸ்ஸாதான். "அம்மா பேரைத் துணியில எழுதிக் கம்பளத்துக்கு அடியில தைப்பீங்க, யாரோ செருப்புக் காலோட அதுமேல நடப்பான். என்னால முடியாது அண்ணி" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கலாம், சங்கத்தின் பட்டியலில் பெயர் வரக்கூடாது. அவன் அறிந்த வரையில் இஸ்ஸா எனக்கு நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வீட்டில் இரண்டு இஸ்ஸா கூடாது என்று, கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் அவளைச் சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தார். மாமியார் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகும் அவள் சின்னவளாகவே இருந்தாள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுகிறது என்று கடிதத்தில் எழுதியிருந்ததன் காரணம் எனக்குத் தெரியும். இஸ்ஸா இடது கைக்காரி. சாப்பாடு வலது கையில், நெசவு இடது கையில் என்று அவளுடைய அம்மா சின்ன வயதிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டாளாம். வலது கையால் முடிச்சுப் போட்டு இழுத்தால் கம்பளத்தின் ரோமம் கீழே சரிந்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும். அவள் போட்டால் இடப்பக்கம் சாயும். அவ்வளவுதான். அந்தச் சாய்வுக்கு என் பெயரை வைத்து எங்கேயோ ஓர் ஊரில் பாராட்டுகிறார்கள்.

நான் பயந்தது உண்மை. ஆனால் கடிதம் வாசிக்கப்பட்டபோது முதலில் எனக்குள் எழுந்தது பயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது. அது என்னுடையது இல்லை என்று ஞாபகம் வருவதற்கு அந்த ஒரு நொடி தேவைப்பட்டது. பிறகுதான் பயம் வந்தது.

அன்று மத்தியானம் இஸ்ஸா வந்ததும் சொன்னேன்.

"நல்லதுதானே அக்கா" என்றாள், முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே. "எட்டுக் கம்பளம்னா அடுத்த குளிர்காலம் வரைக்கும் கவலை இல்ல."

"அடி அசடே, அவ என் கையைப் பார்க்க வர்றா. இந்தக் கையால நான் என்னத்தைக் காட்டுறது?"

அவள் தறிக்கு முன்னால் போய் நின்றாள். முக்கால்வாசி முடிந்த கம்பளம் செங்காவி நிறத்தில் நின்றது. அவள் மனதுக்குள் வரிசைகளை எண்ணுவது தெரிந்தது.

"முடிச்சுப் போட இடமே இல்லாம பண்ணிட்டா?" என்றாள்.

"எப்படி?"

"வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுடுறேன். அவங்க வரும்போது கம்பளம் முழுசா நிக்கும். இன்னொண்ணுக்குப் பாவு போட நாலு நாள் ஆகும்னு சொல்லுங்க. நாலு நாள் யாரும் மலைமேல தங்க மாட்டாங்க."

எனக்கு அந்த யோசனை பிடித்தது. உடனே பிடிக்காமலும் போனது. முடிந்த கம்பளம் தறியில் நின்றால் மிச்சம் இருப்பது வெட்டுவது மட்டும்தான். நெய்தவளேதான் வெட்ட வேண்டும். கம்பளத்தின் மேல் தண்ணீர் தெளித்து, அந்தத் தண்ணீர் காய்வதற்குள், முதல் முடிச்சுப் போட்ட கையே, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களை வெட்ட வேண்டும். வேறு கை வெட்டினால் நெய்த கை மரத்துப்போகும் என்பார்கள்.

நான் நெய்த கடைசி நீலக் கம்பளத்தை என் கணவர்தான் வெட்டினார். கப்பலுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வழியில் அதைச் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நான் ரொட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். ஒன்றரை மாதம் கழித்து என் கட்டைவிரல் போனது. டாக்டர் நரம்பு என்றார். நான் டாக்டரை நம்புகிறேன். ஆனாலும் இந்தப் பதினான்கு மாதத்தில் ஒவ்வொரு கம்பளத்தையும், யாரையும் கூப்பிடாமல், இஸ்ஸாவின் கையாலேதான் வெட்ட வைத்தேன்.

"வெட்டுறது?" என்று கேட்டேன்.

"நீங்களே வெட்டுங்க" என்றாள். சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரும்புச் சீப்பால் ஊடை நூலைத் தட்டி இறுக்கும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக வந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகாதில்ல சின்னவளே?"

"அதெல்லாம் பழைய கதை அக்கா."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள். அவள் இடது கை ஒரு கணம் நின்று, விரல்களை மடக்கி விரித்துவிட்டு மறுபடி நூலைப் பிடித்தது. அவளுக்கே தெரிந்து செய்தாளா என்று தெரியவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று நாட்கள் அந்தச் சத்தம் என் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டினேன், கோழிக்குத் தவிடு வைத்தேன், மாவு பிசைந்தேன். என்ன செய்தாலும் அவள் முதுகு கண்ணில் பட்டது. என்னைக் காப்பாற்ற ஒருத்தி இப்படி வேகமாக உழைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்கு எப்போது பழகிப்போனது என்று யோசித்தேன். ரப்ஹா அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை செருப்பைப் போட்டேன். சொன்னால் பட்டியலில் இஸ்ஸாவின் பெயர் வர வேண்டும். பாஸு அவளை நிறுத்திவிடுவான். எட்டுக் கம்பள வேலையும் சங்கத்தின் கையைவிட்டுப் போகும். சொல்லாமல் மாட்டிக்கொண்டால் சங்கமே போகும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடித்த பிறகு அடியில் ஒன்று மிஞ்சி நிற்கும். சொன்னால் நான் யார்? அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

வியாழக்கிழமை காலை பாஸுவின் வேன் நவாலை டவுனிலிருந்து ஏற்றி வந்தது. முப்பது வயதிருக்கும். அப்பா இந்த மலைக்காரர், பெல்ஜியத்தில் சுரங்க வேலைக்குப் போனவர். எங்கள் பாஷையை அவள் அவரிடமிருந்து மட்டுமே கற்றிருந்தாள். அதனால் கிழட்டு ஆண்பிள்ளை மாதிரிப் பேசினாள்.

"என்னப்பா, எல்லாரும் சௌக்கியமா? ஆடு மாடெல்லாம் நல்லா மேயுதா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

பெண்கள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ரப்ஹா அக்கா மட்டும் அசராமல், "நல்லா மேயுது தாத்தா, உள்ள வாங்க" என்றாள். நவாலே முதலில் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அது என் நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

என் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தேனும் வெண்ணெயும் ரொட்டியும் வைத்தேன். இஸ்ஸா உள்ளே புதினாத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். பாஸு முற்றத்தில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

நவால் தறியைப் பார்த்தாள். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து பக்கத்தில் போனாள்.

"முடிஞ்சுடுச்சா?" குரலில் ஏமாற்றம் தெரிந்தது. "நீங்க முடிச்சுப் போடுறதைப் பார்க்கணும்னு வந்தேன் யம்னா அக்கா."

"நேத்துதான் முடிஞ்சது. அடுத்ததுக்குப் பாவு போட நாலு நாளாகும்." மூன்று நாட்களாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். நன்றாகவே வந்தது.

"பரவாயில்ல. அப்போ வெட்டுறதைப் படமெடுக்கிறேன். எங்க அத்தை வெட்டும்போது பார்த்திருக்கேன். எனக்கு ஏழு வயசு. தண்ணி தெளிச்சு வழியனுப்புவாங்க, இல்ல?"

அவளுக்கு வழக்கம் தெரிந்திருக்கிறது.

ரப்ஹா அக்கா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்தாள். சாயம் போடாத வெள்ளைக் கம்பளியில் ஒரு கொத்தைப் பிய்த்து அதில் நனைத்தாள். பேச்செல்லாம் நின்றது. நவால் போனை உயர்த்திப் பிடித்தாள். நான் தறிக்கு முன்னால், என் பெயருக்கு உரிய இடத்தில் நின்றேன். என் ஜெல்லாபா அங்கியின் பையில் துணிப்பட்டை இருந்தது, ஊசியில் நூல் கோத்து. கோத்தவளும் இஸ்ஸாதான்.

"பிஸ்மில்லா" என்றாள் ரப்ஹா அக்கா. மூன்று முறை தெளித்தாள். "எங்க நடுவுல எழுந்து நின்னே, வளந்தே. இப்போ போய்ட்டு வா. போற வீடு நல்லா இருக்கட்டும், உன்னைப் பெத்த கை நல்லா இருக்கட்டும்."

செங்காவிக் கம்பளத்தின் மேல் தண்ணீர்த் துளிகள் மணிமணியாக நின்றன. இஸ்ஸா தேநீர்த் தட்டோடு எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. வலது கையை நீட்டினால் கத்தரிக்கோல் நழுவும், இடது கையை நீட்டினால் நவால் கவனிப்பாள். எந்தக் கை என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ரப்ஹா அக்கா ஜன்னல் மேடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். என்னைத் தாண்டி, என் தோளை உரசிக்கொண்டு, அதை இஸ்ஸாவிடம் நீட்டினாள்.

இஸ்ஸா தட்டைக் கீழே வைத்தாள். இடது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கிய பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ரப்ஹா அக்காவின் கை நீட்டியபடியே காற்றில் நின்றது. இருபது வருடமாகக் கம்பளங்களை வழியனுப்பிய கை அது. நெய்தவளைத் தவிர வேறு யாரிடமும் அது கத்தரிக்கோலைக் கொடுத்ததில்லை. மூளை எவ்வளவு பொய்க்குத் தயாராகி வந்திருந்தாலும் கைக்கு அது தெரியவில்லை.

"ஏன் அவங்ககிட்ட?" என்றாள் நவால்.

ரப்ஹா அக்காவுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"கை தவறிடுச்சும்மா" என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி. "அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றாள் இன்னொருத்தி. "இந்த வீட்டுல வெளிச்சமும் கம்மி" என்றாள் மூன்றாவது. பத்துப் பெண்களும் அவசரமாகப் பொய்யைத் தேடினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கம்பளத்தையும் உள்ளங்கையால் தடவித்தான் ரப்ஹா அக்கா எடுத்துக்கொள்வாள். முதல் தடவலிலேயே தெரிந்திருக்கும். இங்கே உள்ளங்கை உள்ள யாருக்குத்தான் தெரியாது? பதினான்கு மாதம் நான் கதவைச் சாத்தியது யாருக்காக?

நவால் போனை இறக்கிவிட்டாள். மண்டியிட்டுக் கம்பளத்தின் ஓரத்தைத் தடவினாள், ரப்ஹா அக்கா தடவுவது மாதிரியே. இடப்பக்கம். மறுபடி இடப்பக்கம். பிறகு நிமிர்ந்து இஸ்ஸாவின் இடது கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

எனக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. உதவிக்கு வருகிற பெண், ஓரத்தை அவள் நெய்தாள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கீழ்வரிசையில் நின்ற சின்னத் துளிகள் கம்பளிக்குள் இறங்க ஆரம்பித்திருந்தன. மே மாதக் காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இஸ்ஸா என்னிடம் கத்தரிக்கோலை நீட்டினாள், கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி. பழைய கதை என்று சொன்ன அதே முகம். ஆனால் இடது கை அதன் முனையை இறுகப் பிடித்திருந்தது.

"எனக்கு வேண்டாம்" என்றேன். "நவால், இது என் கை இல்லை. இதுவும் இல்ல, இதுக்கு முன்னால ஏழும் இல்ல. என் விரல் மரத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எல்லாம் இவ நெய்தது."

சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

நவால் எழுந்து நின்றாள். "ஏன் இவங்க பேர் பட்டியல்ல இல்ல?"

ரப்ஹா அக்காவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "அதுக்குப் பதில் சொல்ற ஆளு வெளிய கண்ணாடி துடைச்சுட்டு நிக்கிறான்."

"நான் பார்த்ததைப் பார்த்தபடிதான் எழுதணும்" என்றாள் நவால். "அந்த ஏழு வீட்டுக்கும் தப்பான பேர் போயிருக்குன்னு சொல்லியாகணும். கோபப்படுவாங்க. ஆனா உண்மையை நீங்களே சொன்னீங்க, இப்போ பட்டியல் சரியா இருக்குன்னு சேர்த்து எழுத முடிஞ்சா, அந்த எட்டுக் கம்பள வேலையும் இங்கேயே இருக்கும். அது என் பொறுப்பு. பேர் இல்லாம முடியாது. இன்னிக்கே வேணும்."

ரப்ஹா அக்கா முற்றத்துக்கு நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம், இஸ்ஸா கத்தரிக்கோலோடு.

"டேய் பாஸு, இந்த வண்டிக்குப் புது டயர் நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் துணியை உதறினான். "ஏன், அண்ணி கொடுத்தாங்க."

"அண்ணி கொடுக்கல. உன் பொண்டாட்டி கொடுத்தா. இத்தனை நாளா அவ முடிச்சுமேலதான் நீ வண்டி ஓட்டிட்டு இருக்கே."

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைக் காட்டினேன். அவன் முகம் முதலில் சிவந்தது, பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனது. நூல் எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தவன்.

"நெய்யட்டும், நான் வேண்டாம்னு சொல்லல" என்றான், தரையைப் பார்த்து. "பேரு மட்டும் வேண்டாம். எங்கம்மா பேரு அது. கால்ல மிதிபடக் கூடாது."

"என் பேரு மிதிபடலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"அது... அண்ணன் ஒண்ணும் சொல்லலியே அண்ணி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நவால் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, "பட்டையைத் தைக்க வேண்டாம்னா அட்டையில எழுதி மேல கட்டிவிடலாம்" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் இஸ்ஸா.

அவள் அத்தனை பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாருக்கும் எங்கே இருக்கோ எனக்கும் அங்கேயே இருக்கட்டும்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்த வீட்டுல யாராவது ஒரு நாள் என் பேரைச் சொல்லியிருக்கீங்களா? மாமி இருந்தாங்க, சரி. அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சு. அம்மா பேரு அம்மா பேருன்னு நீங்க பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க. நான் எங்கே வச்சுக்கிறது? ஒரு தரைக்கு அடியிலயாவது இருக்கட்டுமே. யாராவது புரட்டிப் பார்க்கும்போது படிப்பாங்க."

அவள் பாஸுவைத்தான் பார்த்துச் சொன்னாள். ஆனால் என் முகம்தான் எரிந்தது. பதினான்கு மாதம் அவள் கையை எடுத்துக்கொண்டது போதாது என்று, பெயரையும் நான் ஒரு நாள்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும்போதுகூட.

பாஸு துணியை மடித்தான். மறுபடி விரித்து மடித்தான். அவன் எங்கள் தலைகளுக்கு மேலாக, திறந்த கதவு வழியாகக் கூடத்துக்குள் பார்ப்பது தெரிந்தது. தறி அங்கிருந்து தெரியும். இந்த மலையில் பிறந்தவன் அவன். அவன் அம்மா வெட்டும்போது எத்தனை முறை கிண்ணம் பிடித்திருப்பான்.

"தண்ணி காயுது" என்றான்.

யாரும் நகரவில்லை.

"நெய்தவங்க வெட்டாம நிக்கிறாங்க, தண்ணி காயுது" என்றான் மறுபடியும், எங்கள் எல்லார்மேலும் கோபப்படுகிற மாதிரி. அதன் பிறகு அவள் பக்கம் திரும்பினான். "போ. போய் வெட்டு, இஸ்ஸா."

அந்தப் பெயர் அவன் வாயில் சரியாக உட்காரவில்லை. அவள் ஓடினாள். நாங்கள் உள்ளே நுழைவதற்குள் முதல் நூல் அறுந்த சத்தம் கேட்டது. மேல்வரிசையில் துளிகள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன. கீழே பாதி உள்ளே போய்விட்டிருந்தது. அது காய்ந்ததில் சேருமா, சேராதா என்று நான் ரப்ஹா அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நூல் நூலாக, இடமிருந்து வலமாக, இஸ்ஸா நிதானமாக வெட்டிக்கொண்டு போனாள். கம்பளம் ஒரு பக்கம் தளர்ந்து, மடிந்து, பிறகு மொத்தமாக அவள் மடியில் விழுந்தது. யாரோ குலவையிட்டார்கள். சத்தம் பாதியில் உடைந்தது.

இஸ்ஸாவுக்கு எழுதத் தெரியாது. நவால் காகிதத்தை நீட்ட, பாஸு வேனின் முகப்பில் வைத்து எழுதினான். ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. நடுவில் நிமிர்ந்து, "உங்கப்பா முழுப் பேரு என்ன?" என்று கேட்டான்.

"இதுவும் தெரியாதாடா உனக்கு?" என்றாள் ரப்ஹா அக்கா. இந்த முறை எல்லாரும் நன்றாகவே சிரித்தார்கள்.

நவால் கிளம்பும்போது என் தோளைத் தொட்டாள். "கடிதம் போய்ப் பதில் வர மூணு வாரம் ஆகும். எட்டும் வரும். பயப்படாதீங்க." அவள் அப்படிச் சொன்ன பிறகும் பயம் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. ரப்ஹா அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "திங்கக்கிழமை சாயம் போட ஆள் வேணும். கண்ணு நல்லா இருக்குல்ல உனக்கு? வா" என்றாள். வருகிறேன் என்றேன். சாயத் தொட்டியில் வேலை செய்கிறவர்களுக்குப் பட்டையில் பெயர் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு கூடத்தில் நானும் இஸ்ஸாவும் இருந்தோம். காலித் தறிக்கு அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. அவள் கம்பளத்தை விரித்து நூல் பிசிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை விரல்களை மடக்கிப் பார்த்தாள், விரித்தாள். மறுபடி மடக்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா."

"இஸ்ஸா" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பிசிறு பொறுக்கினாள்.

பைக்குள் வலது கையை விட்டேன். என் பெயர் எழுதிய பட்டை அங்கே இருக்க வேண்டும். எடுத்து அடுப்பில் போடலாம் என்று எண்ணினேன், இல்லை, எங்காவது வைத்துக்கொள்ளலாம் என்றும். விரல்களால் துழாவினேன். அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை வெளியே எடுத்து, அதில் பட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.